போட்டுக்கு மூளை காணாது

தவச்செல்வனின் மகள் கோயில் போட்டைக் கழற்றி எறியப் போகிறாளாம் என்ற கதை சுவிசின் லாங்கன்தாலில் கிளம்பி, புர்க்டோர்வ் போய், அங்கே ஒரு சாறிக் கடைக்குள் நுழைந்து இளைப்பாறி, திரும்பவும் லாங்கன்தாலுக்கே வந்து சேர்ந்தபோது அதற்குக் கை, கால், மூக்கு எல்லாம் முளைத்திருந்தன. வந்து விழுந்த இடம் சுகந்தியின் காது. சுகந்திதான் அந்த மகளின் தாய். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. ஈரத் துணியையும் ஊர்க் கதையையும் பிழியாமல் கீழே வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

வேலை முடிந்து நேராக மகளின் வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே தொடங்கிவிட்டார்.

"பிரசாந்தினி சொன்னவள். அவளின்ரை மச்சாளுக்கு ஆரோ சொன்னவையாம். நீ கோயில் குசினிக்குள்ளை நிண்டு ரெலிபோனிலை சத்தமாக் கதைச்சியாம். 'இந்தப் போட் பழசு, மூளை காணாது, கொஞ்சம் வேலை குடுத்தாச் சூடாகுது, எங்கட சத்தம் அதுக்கு விளங்காது, கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடவேணும்' எண்டு. சொன்னனியோ இல்லையோ?"

சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்த தனுஷியா நிமிர்ந்தாள். "சொன்னனான். உங்கட மருமோன் கோபியோடை கதைச்சது."

"ஐயோ கடவுளே!"

"அம்மா, நான் சொன்னது மிஷின் போட்டை. இஞ்சை பாருங்கோ." மேசையில் கிடந்த பச்சைத் தகடு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை அகலம், அதன் மேல் கறுப்புச் சில்லுகள் சின்னச் சின்ன வீடுகள் போலக் குந்தியிருந்தன.

"நீ சொன்னது அதை. அவையள் விளங்கினது கோயில் தலைவர் இராஜசிங்கம் அண்ணையை."

தனுஷியா ஒரு கணம் யோசித்தாள். பழசு. மூளை காணாது, அதாவது போதாது. வேலை கொடுத்தால் சூடாகும். எங்கள் சத்தம் விளங்காது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மா, அதிலை எந்தச் சொல்லு பிழை, சொல்லுங்கோ?"

சுவிசில் ஒரு தமிழ்க் கோயிலுக்குக் கோபுரம் இல்லாமல் இருக்கலாம், போட் இல்லாமல் இருக்காது. கடிதத் தலைப்பில் அது பரிபாலன சபை. வங்கிக்காரனுக்கு ஃபோர்ஷ்டான்ட். வாய்ப்பேச்சில் எல்லாருக்கும் போட். மின்கருவி ஒன்றைத் திறந்தால் உள்ளே சில்லுகள் பதித்த தகடு இருக்கிறதே, அதுவும் போட். ஒரே சொல்லை இரண்டு பேருக்கும் உடுத்திவிட்டால் என்றோ ஒருநாள் சட்டை மாறத்தானே செய்யும்.

தனுஷியாவுக்கு ஊர் வாய் புதிதல்ல. பதினைந்து வயதில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியம் போகப் புள்ளிகள் இருந்தும், மின்னணுவியல் தொழிற்பயிற்சிக்கு, அதாவது லேரேக்கு, போகப்போகிறேன் என்று நின்றவள் அவள். டொக்டர் ஆக வேண்டிய பிள்ளையை வயர் பிடிக்க அனுப்பிவிட்டீர்களே என்று கலியாண வீடுகளில் சுகந்தியைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். தவச்செல்வன்தான் அந்த வாய்களை அடைத்தார். "நான் தோலைப் பிடிக்கிறன். அவள் வயரைப் பிடிக்கட்டும். இரண்டும் இழுத்துக் கட்டினால்தான் பேசும்." தோல் என்று அவர் சொன்னது தவிலை. கிழமை நாளில் அவர் யந்திரத் தொழிற்சாலையில் முறை வேலை செய்வார். வெள்ளியும் ஞாயிறும் கோயிலில் தவில்.

இப்போது தனுஷியாவுக்கு முப்பத்துமூன்று. பெரிய யந்திரங்களின் பக்கத்தில் ஒலிவாங்கியும் கமராவும் பூட்டி, யந்திரம் பழுதாகப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிகளைச் செய்கிற நிறுவனம் ஒன்றில், பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்த வேலைக்கு எந்தப் போட் என்று தேர்ந்தெடுப்பதுதான் அவளுடைய தொழில். ஒரு யந்திரம் முனகுகிறதா, சும்மா மூச்சு விடுகிறதா என்று அறிய வேண்டுமென்றால் முதலில் அதைக் கேட்கத் தெரிந்த காது வேண்டும். தவறான காதை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு யந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது.

கோயில் வாங்கி வைத்திருந்தது அப்படியொரு தவறான காது.

கோயில் என்றால் லாங்கன்தாலுக்கு வெளியே, தச்சுப் பட்டறைக்கும் டயர்க் கடைக்கும் நடுவில் இருக்கும் பழைய களஞ்சியம் ஒன்றுதான். திருவிழாக்களை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புவார்கள். கமரா தனுஷியாவின் கணவன் கோபிசனின் பொறுப்பு. ஒலிக்கு, போட் ஒரு பெட்டி வாங்கியிருந்தது. அது அலுவலகக் கூட்டங்களுக்கென்று செய்த பெட்டி: மனிதக் குரலை மட்டும் காப்பாற்றி, மற்றச் சத்தம் எல்லாவற்றையும் இரைச்சல் என்று அழித்துவிடும். போன வருடத் தேரன்று ஐயரின் மந்திரம் உலகம் முழுக்க அருமையாகக் கேட்டது. தலைவர் இராஜசிங்கத்தின் உரை அதைவிட அருமையாகக் கேட்டது. நாதஸ்வரம் கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போலக் கேட்டது. தவில் அறவே இல்லை.

கனடாவிலிருந்து தவச்செல்வனின் அக்கா யசோதரா அன்றைக்கே அழைத்தார். "தம்பி, உனக்குச் சுகமில்லையோ? தேருக்கு முன்னாலை நிண்டு சும்மா கையை உதறிக்கொண்டு நிண்டாய். ஏதோ உனக்குக் குளவி கொட்டினது மாதிரி."

தவச்செல்வன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பதிவைக் கைபேசியில் போட்டுப் பார்த்தார். நெற்றி வியர்க்க அவர் வாசிக்கிறார், கை பறக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். தனுஷியா கதவடியில் நின்று அதைப் பார்த்தாள். வேறு எதையும் மறந்தாலும் அந்தத் தடவலை அவள் மறக்கத் தயாராக இல்லை.

பதிவை வேலைக்குக் கொண்டுபோனாள். கூட வேலை செய்யும் ரேத்தோ, சத்தங்களை இனம் பிரிக்கும் புது மென்பொருள் ஒன்றைக் காட்டி, "இதையே எடு, எல்லாம் ஆயத்தமாக உள்ளே இருக்கிறது" என்றான். அப்பாவின் தவிலை அதற்குள் விட்டார்கள். திரையில் ஒரு சொல் விழுந்தது: பவ்லேர்ம். கட்டட வேலைச் சத்தம். ரேத்தோ சிரித்தான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

வீட்டில் அதைச் சொன்னபோது தவச்செல்வன் மேலும் சிரித்தார். "பவ்லேர்ம் வித்துவான் தவச்செல்வன் எண்டு நோட்டீசிலை போடச் சொல்லு." கோயில் நோட்டீசில் அவருடைய பெயரை ஒருநாளும் போட்டதில்லை, 'மங்கள வாத்தியம்' என்று மட்டும்தான் இருக்கும். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்றைக்குத்தான் தனுஷியா மேசையில் போட்டுகளைப் பரப்பினாள். வேலையிடத்தில் பழைய திட்டம் ஒன்று முடிந்து, வேண்டாமென்று ஒதுக்கியவற்றில் மூன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

முதலாவது சின்னக் கணினி போன்றது. படம் பளிச்சென்று வரும். ஆனால் அதற்கு ஆயிரம் வேலை. ஒலியைக் கேட்டவுடன் எடுக்காது, மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்து ஆறுதலாக எடுக்கும். அரை மணித்தியாலம் ஓடவிட்டால் தட்டு முதலில் கேட்கும், கை பிறகு விழும். "இது இடிக்குப் பிறகு மின்னல்," என்றான் கோபிசன்.

இரண்டாவது ஒலிக்கென்றே பிறந்தது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடு படுவதும், இடப்பக்கமான தொப்பியில் குச்சி படுவதும் தனித்தனியாகக் கேட்டன. ஆனால் கமரா பூட்ட அதில் வழியே இல்லை. "நல்ல காது, குருடு," என்றாள் தனுஷியா.

மூன்றாவதுக்குக் கண்ணும் உண்டு, காதும் உண்டு; இரண்டும் ஒரே மணிக்கூட்டுக்கு நடக்கும். அதன் சில்லுக்குள் எந்தச் சமிக்ஞை எந்த வழியால் போக வேண்டும் என்பதை நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதாவிட்டால் அது ஒன்றுமே செய்யாது. ஆயத்தமாக எதுவும் இல்லாத போட்.

"இது நெல்லு," என்றான் கோபிசன். "குத்தி, புடைச்சு, உலையிலை போட்டு... ஆர் செய்யிறது?"

"நான்தான். ஆக்கி வைச்ச சோறு வேற ஆரோ ஆருக்கோ ஆக்கினது கோபி. அதிலை எங்கட தவில் கல்லாக் கடிபடுது."

மாதக்கணக்காகக் குத்தினாள், புடைத்தாள். கடைசியில் வேலை செய்தது. கோயில் குசினியில் நின்று அந்தச் செய்தியைத்தான் கோபிசனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். பழைய போட்டைப் பற்றி மனத்தில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்களில் யாருக்கோ காது நல்ல கூர்.

சுகந்தி கதை கொண்டுவந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, பூசை முடிந்ததும் இராஜசிங்கம் தனுஷியாவைக் கோயில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுசன் என்று அவரைச் சொல்ல முடியாது. இந்த மண்டபத்துக்காகக் நகரசபையின், அதாவது கெமைண்டேயின், படிகளை ஏறி ஏறியே முழங்கால் தேய்ந்தவர். அடுத்த நாள் அந்த முழங்காலுக்கு ஒப்பரேஷன். காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். சுற்றிவரச் சபையினர்.

"வா பிள்ளை. போட்டுக்கு மூளை இல்லையாம்?"

"காணாது எண்டுதான் அங்கிள் சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை."

யாரோ இருமினார்கள்.

"சூடாகுதாம்?"

"ஓம். வேலை கூடினால்."

"இஞ்சை ஆர் சூடாகினது? நான் ஒருநாளாவது சூடாகினனானோ?" என்று அவர் நல்ல சூடாகவே கேட்டார்.

தனுஷியா பையிலிருந்து மூன்றாவது தகட்டை எடுத்து மேசையில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுதான் அங்கிள், புதுப் போட். மூளை காணாத போட் உங்கட சவுண்ட் பெட்டிக்குள்ளை கிடக்கு."

முதலில் பொருளாளர் சிரித்தார். பிறகு எல்லாரும். இராஜசிங்கம் முழங்கால் நோகும்வரை சிரித்து, "புர்க்டோர்வ் வரைக்கும் போட்டுதே பிள்ளை கதை" என்று கண்ணைத் துடைத்தார். தேத்தண்ணி வந்தது. எல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"அப்ப பெட்டியை மாத்துவமோ அங்கிள்?"

"உந்தப் பெட்டிக்கு என்ன குறை? மந்திரம் கேக்குது. பேச்சுக் கேக்குது."

"தவில் கேக்கேல்லை."

"மேளம்தானே பிள்ளை." கோபமே இல்லாமல் சொன்னார், மழை என்றால் நனையும் என்று சொல்வது போல. "அது பின்னுக்கு நிக்கிற விசயம். எப்பவும் அப்பிடித்தான். அவையள் அவையின்ரை இடத்திலை..."

பாதியில் நிறுத்தினார். முன்னால் நிற்பது யாருடைய மகள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மேளக்காரர் வீட்டிலிருந்து ஒருவரும் அந்தச் சபையில் இருந்ததில்லை. சபையின் சட்டப்புத்தகத்தில் அப்படி ஒரு விதி இல்லை. எழுதத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ அங்கிள்," என்றாள் தனுஷியா.

"மிச்சம் ஒண்டுமில்லை. இந்த வருசம் பழைய பெட்டியே இருக்கட்டும். போட் தீர்மானிச்சிட்டுது."

"எந்தப் போட்?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தனுஷியா தகட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த மாதம் பொதுக்கூட்டத்திலை தேர்தல் இருக்கெல்லோ. என்ரை பேரையும் போடுங்கோ. இத்தனை பேர் காவித் திரிஞ்ச கதை வீணாப் போகக் கூடாது."

வீட்டுக்கு வந்தபோது அவளை முந்திக்கொண்டு செய்தி வந்திருந்தது, செய்தியோடு அம்மாவும் அப்பாவும். சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். "முதலிலை கேட்டது பொய்க் கதை. இப்ப நீயே அதை மெய்யாக்கிப்போட்டு வந்து நிக்கிறாய். உனக்கென்ன விசரோ?"

"ஓம் அம்மா."

தவச்செல்வன் யன்னலோரம் நின்றார். அவர் சிரிக்காததைப் பார்க்கத் தனுஷியாவுக்குப் பயமாக இருந்தது.

"விடு பிள்ளை," என்றார். "எனக்குக் கேட்டாக் காணும்."

"உங்களுக்குக் கேக்குதப்பா. யசோ மாமிக்குக் கேக்கேல்லை."

"நீ இதைக் கொண்டுபோய்ப் பூட்டினால் அவையள் உன்னை ஒண்டும் செய்யாயினம். தேருக்குச் சூரிச்சிலை இருந்து வேற ஆளைக் கூப்பிடுவினம். எனக்கு வாசிக்க இருக்கிறது அந்த ஒரு இடம்தான்."

அது அவள் யோசிக்காத பக்கம். வாயைத் திறந்து, சரி அப்பா, விடுகிறேன் என்று சொல்லவும் அவள் ஆயத்தமாகிவிட்டாள். அப்போது தவச்செல்வன் மேசைக்கு வந்து, அவளுடைய பையிலிருந்து தகட்டை எடுத்து, தவிலின் தோலைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பிழை விட்டாலும் இது கேக்குமோ?"

"கேக்கும். இது ஒண்டையும் மறைக்காது அப்பா."

"அப்ப நான் சாதகம் பண்ணவேணும்," என்றார். தகட்டை மெதுவாக வைத்தார். "வெள்ளிக்கிழமை பூட்டு. கோயிலை விட்டுக் கலைக்கிறதெண்டாக் கலைக்கட்டும். வாசிச்சுப்போட்டுக் கலைபடுறன்."

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கதை பரவினால் பக்தியும் பெருகும். இராஜசிங்கம் மட்டும் இல்லை; ஒப்பரேஷன் முடிந்து, ஹெர்ட்சோகன்பூக்ஸேயில் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனுஷியா பழைய பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள். எறியவில்லை. மேளமேடைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் புதுப் போட்டைப் பூட்டி, அப்பாவின் தவிலுக்கு முன்னால் ஒலிவாங்கியை நிறுத்தினாள். பொருளாளர் தூரத்தில் நின்று பார்த்தார். வந்து தடுக்கவுமில்லை, போகவுமில்லை.

"தனு, பயமாக் கிடக்கோ உனக்கு?" என்றான் கமராவுக்குப் பின்னால் நின்ற கோபிசன்.

"போட்டுக்குப் பயமில்லை. அது காணும்."

தவச்செல்வன் வாசிக்கத் தொடங்கினார். தனுஷியா காதொலிப்பானை மாட்டிக்கொண்டு சின்னத் திரையைப் பார்த்தாள். கை விழுந்த இடத்தில் சத்தம் விழுந்தது. விரற்கூடு தோலில் படும் கூர்மை, குச்சியின் கனம், இரண்டுக்கும் இடையில் அப்பா இழுக்கும் மூச்சுக் கூட. அவர் முழுதாக வாசித்து, முடிவுக் கோர்வையான தீர்மானம் வைத்து முடித்ததும் அர்ச்சனை தொடங்கியது. அந்த இடைவெளியில் யசோதராவின் குரல் செய்தி கைபேசிக்கு வந்தது. தனுஷியா அதை அப்பாவின் காதோடு பிடித்தாள்.

"தனு, தம்பிக்குச் சொல்லு, தீர்மானத்திலை ஒரு தட்டை விட்டிட்டான். நல்லா வந்துகொண்டிருந்தது, கடைசியிலை கோட்டை விட்டிட்டான். ஆளுக்கு வயது போகுது."

வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த தவச்செல்வனின் கை அப்படியே நின்றது.

"பிழை கேட்டுட்டுதோ?"

"கேட்டுட்டுது அப்பா."

"கனடா வரைக்கும்?" அவருடைய முகம் முழுதும் விரிந்தது. பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரரைத் தட்டி, "அண்ணை, நான் விட்ட பிழை கனடா வரைக்கும் கேட்டுட்டுதாம்!" என்றார். பட்டம் கிடைத்தவர் கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

அப்போதுதான் கைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் பெயர்: இராஜசிங்கம் அங்கிள்.

தனுஷியா அதைச் சின்ன மேசையில், போட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கோபிசன் எடு என்று உதட்டால் சொன்னான். பெண்கள் பக்கத்திலிருந்து சுகந்தி இரண்டு கையாலும் எடு, எடு என்று காட்டினார். பொருளாளர் இரண்டு அடி கிட்ட வந்து நின்றார். தனுஷியா அப்பாவைப் பார்த்தாள். அவர் கழற்றியிருந்த கூடுகளை ஒவ்வொரு விரலாகத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் தீபாராதனை கிடக்குப் பிள்ளை," என்றார்.

"அடிக்கட்டும்," என்றாள் தனுஷியா.

மணி ஒலித்தது. தவில் எழுந்தது. கைபேசி மேசையில் கிர்ர் கிர்ர் என்று ஊர்ந்து ஒலிவாங்கியின் காலடிவரை போய் நின்று, அங்கேயும் அதிர்ந்தது. பழைய பெட்டி என்றால் அதை இரைச்சல் என்று அழித்திருக்கும். இந்தப் போட் எதையும் மறைக்காது. ஹெர்ட்சோகன்பூக்ஸேயில் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்த மனுசனுக்கு, ஒளிபரப்பில் தவிலுக்குக் கீழே, தான் விடுத்த அழைப்பு இங்கே அடித்துக்கொண்டிருப்பதும் கேட்டிருக்க வேண்டும்.